இடப்பக்கம் சாய்ந்த தையல்

அன்று காலையில் அக்கா மூன்று தடவை வீட்டைப் பெருக்கினாள். இருப்பதே இரண்டு அறை. மூன்று தடவை பெருக்குகிற அளவுக்கு அதில் குப்பையும் கிடையாது, இடமும் கிடையாது. ஆனால் கை சும்மா இருந்தால் மனசு ஓடும், மனசு ஓடினால் அழுகை வரும். அழுத முகத்தோடு தம்பிக்குக் கதவைத் திறக்கக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள்.

பத்தொன்பது வருஷம் கழித்து வருகிறான். செய்யாத கொலைக்கு உள்ளே போனவன். முந்தாநாள்தான் நீதிபதி ஒரு டி.என்.ஏ. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வாசித்தார். உள்ளே தள்ளுவதற்கு நாற்பது நாள் விசாரணை நடந்தது. வெளியே விடுவதற்கு நாலு நிமிஷம். அந்த நாலில் ஒன்று அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்ததில் போயிற்று. பிறகு அந்தக் காகிதம் கோர்ட்டிலிருந்து ஜெயிலுக்குப் போய்ச் சேர இரண்டு நாள். தபால்காரர் நடந்தே போனாரோ என்னவோ.

ஜெயில் வாசலுக்கு யாரும் வர வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். யாரும் என்றால் வேறு யார் இருக்கிறார்கள், அக்காவைத் தவிர? வழக்கை எடுத்து நடத்திய வக்கீல் பொண்ணு முந்தின நாள் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, நாளைக்குப் பத்து மணி வாக்குல வீட்டுக்கு வர்றாராம். அவரோட பெட்டி ஏதோ உங்ககிட்ட இருக்காமே. அதை எடுத்துக்கணும்னு சொன்னார்."

"எடுத்துக்கிட்டு?"

வக்கீல் பொண்ணு குரலைத் தணித்தாள்.

"தங்கறதுக்கு ஒரு இடம் பாத்துத் தரச் சொன்னார். ஒரு ஹாஸ்டல்ல ரூம் சொல்லி வெச்சிருக்கேன். மத்ததை நீங்களே பேசிக்குங்க அக்கா. நடுவுல நான் யாரு?"

ஆக, வருவான். பெட்டியை எடுப்பான். போய்விடுவான். பதினோரு வருஷமாக முகத்தைக் காட்டாதவன் இன்றைக்கு வருவதே பெரிது என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. அவன் இங்கேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். அதற்காகத்தான், வீட்டுச் சொந்தக்காரர் எத்தனையோ தடவை காலி பண்ணச் சொல்லியும், மாடிப்படி ஏறும்போது முழங்கால் இழுத்துப் பிடித்தும், அதே வீட்டிலேயே கிடந்தாள். வேறு வீட்டுக்குப் போய்விட்டால் அவன் எங்கே என்று தேடி வருவான்?

முன்பெல்லாம் கீழ்வாசல் கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி ஒன்றே ஒன்று. தம்பி தெருவில் நின்று இரண்டு தடவை விசில் அடிப்பான், ஒன்று நீளம், ஒன்று குட்டை. இவள் சாவியைக் கைக்குட்டையில் முடிந்து ஜன்னல் வழியாகப் போடுவாள். அவன் ஒரு நாள்கூட ஒழுங்காகப் பிடித்ததில்லை. பக்கத்துக் கடைக்காரர் வாளியில் ஒரு தடவை விழுந்தது. தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே மேலே பார்த்து, "நீ இடது கையால போட்டா இடது பக்கம்தான் வந்து விழும்" என்று கத்தினான். தெருவே சிரித்தது.

அக்கா இடதுகைக்காரி. சின்ன வயதில் அம்மா அந்தக் கையை முறுக்கி எத்தனையோ அடி போட்டுப் பார்த்தாள், மாறவில்லை. பிறகு அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்போது அக்காவுக்குப் பதினெட்டு, தம்பிக்கு ஒன்பது. அந்த இடது கைதான் இரண்டு பேருக்கும் சோறு போட்டது.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி வெளுக்கிற ஒரு பெரிய லாண்டரியில் அவளுக்கு வேலை. கீழ்த்தளத்தில் ஆள் உயரத்துக்கு மெஷின்கள். பின்கட்டில் பாய்லர். மாடியில் ஜன்னலோரம் ஒரு நீள மேஜை, அதுதான் அக்காவின் இடம். கிழிந்து வருகிற பெட்ஷீட், பொத்தான் போன கோட்டு, காஜா பிய்ந்த தலையணை உறை எல்லாம் அவள் மேஜைக்கு வரும். மற்றவர்கள் ஓரம் தைத்தால் நூல் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். அக்கா தைத்தால் இடப்பக்கம் சாயும். லாண்டரியில் யாரைக் கேட்டாலும் துணியைத் திருப்பிப் பார்த்து, இது மாடிக்காரி தைச்சது என்று சொல்லிவிடுவார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. பொய் சொல்வானேன், நிறையவே உண்டு.

தம்பி பதினெட்டு வயதில் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான். இஸ்திரி மெஷினில், சுடச்சுட உருளுகிற இரண்டு உருளைகளுக்கு நடுவே பெட்ஷீட்டை நீட்டிக் கொடுக்கிற வேலை. கொஞ்சம் அசந்தால் கையில் கோடு விழும். அந்த மெஷினில் நின்ற எல்லோருக்கும் முழங்கைக்குக் கீழே இரண்டு மூன்று தழும்பாவது இருக்கும். லாண்டரி முத்திரை என்று அதற்குப் பெயர்.

அந்த நாட்களை நினைத்தால் அக்காவுக்கு முதலில் வருவது சோப்பு நுரை கலந்த ஆவியின் வாசனைதான். அதற்கு அடுத்தது சனிக்கிழமை.

சனிக்கிழமை மத்தியானம் கடைசி வண்டித் துணி போன பிறகும் பாய்லரில் சூடு மிச்சம் இருக்கும். அதை ஏன் வீணாக்குவது? மேனேஜரிலிருந்து வேன் ஓட்டுகிறவன் வரை ஆளாளுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த அழுக்குத் துணியை ஒரே மெஷினில் கொட்டுவார்கள். பாய்லர் அண்ணன் ஆவியைத் திறந்துவிட்டுப் பாட ஆரம்பிப்பார். அவருக்குத் தெரிந்ததே ஒரு பாட்டு, அதிலும் பாதிதான். மறந்த இடம் வரும்போது "ஹோய்" என்று ஒரு சத்தம் போட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். துணி காய்ந்து ஒரே குவியலாக மேஜைக்கு வரும். அவரவர் துணியை அவரவர் பொறுக்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி வெளுத்துப்போன துணி, எது யாருடையது என்று எந்தக் கடவுளுக்குத் தெரியும்? பாதிப் பேர் அடுத்தவன் சட்டையோடுதான் வீட்டுக்குப் போவார்கள். திங்கட்கிழமை வந்து மாற்றிக்கொள்வார்கள், அல்லது மாற்றிக்கொள்ளாமல் விட்டுவிடுவார்கள். ஒரு தடவை மேனேஜரே பாய்லர் அண்ணனின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அங்கே குனிந்தபோது என்ன ஆயிற்று என்பதை அவர் மனைவி சொல்லித்தான் லாண்டரிக்குத் தெரியும்.

சனிக்கிழமை மூட்டை என்று அதற்குப் பெயர். கள்ளத்தனமான சங்கதிதான். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற மெஷினில் வெளித்துணி ஒரு நூல்கூட விழக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் அறுபது பேர் வேலை போகும். எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் துணியைக் கொண்டுவந்தார்கள்.

தம்பிக்கு ஒரு ஜெர்கின் இருந்தது, பழுப்பு நிறம். மழையோ வெயிலோ அதைக் கழற்ற மாட்டான். ஒரு நாள் துணி வண்டியின் கொக்கியில் மாட்டி வலது முழங்கையில் கிழித்துக்கொண்டு வந்தான். "கண்ணு பிடரியிலயாடா இருக்கு?" என்று திட்டிக்கொண்டே தைத்தாள். முழங்கை மடங்கி நிமிர்கிற இடம், வெறும் ஒட்டுப் போட்டால் தாங்காது. ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட பெட்ஷீட்டில் ஒரு துண்டு கிழித்து, மடித்து, உள்ளே வைத்து, அதன்மேல் ஒட்டுப் போட்டு நாலு பக்கமும் மூடித் தைத்தாள். உள்ளே அப்படி ஒரு துண்டு இருப்பது வெளியே தெரியாது. அவனுக்கும் தெரியாது. அவன் பார்த்தது இடப்பக்கம் சாய்ந்து நின்ற நூலைத்தான்.

"கடையில குடுத்திருந்தா வலது பக்கம் தைச்சிருப்பான்" என்றான்.

"அப்போ கடைக்கே போ."

ஒரு சனிக்கிழமை அந்த ஜெர்கின் மூட்டைக்குள் போயிற்று, திரும்பி வரவில்லை. தலையைக் கழற்றி வைத்தாலும் அங்கேயே மறந்துவிட்டு வருவாய் என்று மூன்று வாரம் திட்டினாள்.

நாலாவது வாரம் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வீட்டுப் படியேறி வந்தார்கள். தம்பி வேலைக்குப் போயிருந்தான், அக்காவுக்கு அன்று லீவு. மூத்தவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி, "இது யாருதுன்னு தெரியுமா பாருங்க" என்று பணிவாகக் கேட்டார்.

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தொலைந்த ஜெர்கின் கிடைத்துவிட்டது. அதைக் கொண்டுவந்து கொடுக்க இரண்டு போலீஸ்காரர்கள் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்கள், உலகத்தில் நல்லவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

"என் தம்பியோடதுதாங்க! இங்க பாருங்க, முழங்கைல. இது என் தையல். இந்த ஊர்ல வேற யாரும் இப்படித் தைக்க மாட்டாங்க."

"நிச்சயமா?"

"என் தையல் எனக்குத் தெரியாதா? உக்காருங்க, டீ போடறேன்."

உட்கார்ந்தார்கள். டீ குடித்தார்கள். அவள் சொன்னதை மூத்தவர் எழுதிக்கொண்டார், அவள் கையெழுத்தும் போட்டாள். தொலைந்த சாமான் திரும்பி வந்தால் ரசீதில் கையெழுத்து வாங்குவார்கள்தானே என்று நினைத்தாள். ஜெர்கின் கையில் கறையாக இருக்கிறதே, வெளுத்துத் தருகிறேன் என்று கையை நீட்டினாள். மூத்தவர் பொட்டலத்தை மூடிவிட்டார்.

ஒரு கடிகாரக் கடையில் யாரோ பின்பக்க ஜன்னலை உடைத்து நுழைந்து, தடுத்த காவலாளியை அடித்துப் போட்டிருந்தான். அந்த மனிதர் மறுநாள் செத்துப்போனார். ஓடினவன் பின்சுவரின் கண்ணாடிச் சில்லில் மாட்டிய ஜெர்கினை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தான். அதன் முழங்கைத் தையலைக் காட்டி ஊரில் தைக்கிறவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்துதான் போலீஸ் அக்கா வீட்டைக் கண்டுபிடித்தது. ஜெர்கினின் வலது கையில் ரத்தம். அந்த ரத்தத்தின் குரூப்பும் தம்பியின் குரூப்பும் ஒன்று. ஊரில் பாதிப் பேருக்கு அதே குரூப்தான், அது வேறு விஷயம். தம்பியின் வலது கையில் ஆறியும் ஆறாமலும் ஒரு காயம் இருந்தது. இஸ்திரி உருளை சுட்டது என்று அவன் சொன்னான். கண்ணாடி கிழித்ததாகவும் இருக்கலாம் என்று போலீஸ் டாக்டர் எழுதினார்.

சனிக்கிழமை மூட்டையில் தொலைந்தது என்று தம்பி சொன்னான். அப்படி ஒன்று எங்கள் லாண்டரியில் கிடையவே கிடையாது என்றார் மேனேஜர். கேள்விப்பட்டதே இல்லை என்றார் பாய்லர் அண்ணன், கூண்டில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அதையே சொன்னார்கள். உண்டு என்று சொன்னவள் அக்கா ஒருத்திதான். அரசுத் தரப்பு வக்கீல் சிரித்தார். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இந்த அம்மாவுக்குத் தம்பி பிள்ளை மாதிரி, வேற எப்படிச் சொல்லுவாங்க?"

முதல் தடவை சொன்னதை நம்பினார்கள். இரண்டாவது தடவை சொன்னதை நம்பவில்லை. இரண்டையும் சொன்னது அதே வாய். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கெடவில்லை, அதன் தம்பி கெட்டான். ஆயுள் தண்டனை.

அன்றிலிருந்து அக்கா ஊசியைத் தொடவில்லை. மேஜையை விட்டுக் கீழே இறங்கி, துணி மடிக்கிற பக்கம் போய் நின்றுகொண்டாள். தன் ரவிக்கையில் கொக்கி போனால்கூட பின்னைக் குத்திக்கொண்டாள், ஊசி எடுக்கவில்லை. பாய்லர் அண்ணன் எதிரில் வந்தால் சுவரைப் பார்த்தாள். அவர் பாடுவதையும் நிறுத்திவிட்டார். சனிக்கிழமை மூட்டையும் அத்தோடு நின்றது.

மாதம் ஒரு தடவை ஜெயிலுக்குப் போய்வந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். மணி அடிக்கிறவரை பழைய கதைதான் பேசுவார்கள். வாளியில் விழுந்த சாவி, மேனேஜரின் கல்யாணக் கால்சட்டை, இப்படி. அப்பீல் கோர்ட்டு விட்டுவிடும் என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருந்தார்கள். எட்டாவது வருஷம் அப்பீலும் தள்ளுபடியாயிற்று. அடுத்த தடவை போனபோது தம்பி பழைய கதை எதையும் எடுக்காமல் தலை குனிந்திருந்தான். மணி அடிக்கப் போகிற சமயத்தில் தலையை நிமிர்த்தினான்.

"அன்னிக்கு அவங்களுக்கு டீ வேற போட்டுக் குடுத்தியே, அக்கா."

அதுதான் கடைசி. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து அவள் போகும்போதெல்லாம் காவலர் உள்ளே போய்விட்டு வந்து, பார்க்க விருப்பமில்லையாம் என்று சொன்னார். பதினோரு வருஷம், மாதம் தவறாமல் அதே பதில்.

அந்த வக்கீல் பொண்ணு வந்தது போன வருஷம். பழைய வழக்குகளைத் தோண்டி எடுக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள். பார்த்தால் காலேஜில் படிக்கிறவள் போல இருந்தாள். கோர்ட்டுக் கிடங்கில் அந்த ஜெர்கின் இன்னும் இருக்கிறது, இப்போது ரத்தத்தை வைத்து ஆளையே சொல்லிவிடுகிறார்கள் என்றாள். ஆறு மாதம் கழித்து முகம் செத்துப்போய் வந்தாள்.

"கறை இருந்த இடத்தை எல்லாம் அந்தக் காலத்துலயே வெட்டி எடுத்துட்டாங்க அக்கா. மிச்சத்துல எத்தனையோ பேர் கை பட்டிருக்கு. எதுவும் சொல்ல முடியலைன்னு லேப்ல எழுதிட்டாங்க."

 அக்காவுக்குப் பயமாக இருந்தது. அந்தத் தையலைப் பற்றி ஒரு தடவை வாயைத் திறந்ததற்கு இவ்வளவு ஆயிற்று. இன்னொரு தடவை திறந்தால் என்ன ஆகுமோ? அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொரு பயம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வக்கீல் பொண்ணு செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிய பிறகுதான் ஓடிப்போய்க் கூப்பிட்டாள்.

"இரும்மா. முழங்கைல ஒரு ஒட்டு இருக்கில்ல, அதைப் பிரிச்சாங்களா?"

"ஒட்டையா? எதுக்கு?"

"உள்ள ஒரு துண்டு வெச்சுத் தைச்சிருக்கேன். பெட்ஷீட்டுத் துண்டு. பருத்தி, நல்லா உறிஞ்சும். பக்கத்துல பட்ட ரத்தம்கூட உள்ள ஊறியிருக்கும். நாலு பக்கமும் மூடின தையல், யார் கையும் பட்டிருக்காது."

வக்கீல் பொண்ணு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

லேப்பில் ஒட்டைப் பிரித்தார்கள். துண்டு இருந்தது. துண்டில் ரத்தம் இருந்தது. அது தம்பியின் ரத்தம் இல்லை. லாண்டரியில் அந்தக் காலத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தானே ஒருவன், கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், அவனுடையது. பிறகு வேறொரு ஊரில் வேறொரு திருட்டில் மாட்டினவன், அதனால் அவன் ரத்த மாதிரி போலீஸ் ரெக்கார்டில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்தும் போய்விட்டான். சனிக்கிழமை மூட்டை உண்டு, வேன்காரனும் அதில் துணி போடுவான் என்று இந்தத் தடவை பாய்லர் அண்ணன் எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "தங்கச்சி, எனக்கு அப்ப நாலு புள்ளைங்க" என்றார். அக்கா அவரைத் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

பத்தரை மணி ஆயிற்று. அக்கா ஜன்னலிலேயே நின்று பழைய முகத்தைத் தெருவில் தேடினாள். விசில் வரவில்லை. கதவுதான் தட்டப்பட்டது.

திறந்தாள். முன்நெற்றி ஏறி, காதோரம் நரைத்து, கொஞ்சம் கூனி, ஒருவன் நின்றான். நாற்பது வயதுக்காரன். இவள் மனசில் கடைசியாக வைத்திருந்தது இருபத்தொன்பது.

"கீழ பூட்டே இல்லையே" என்றான். "விசில் அடிக்கலாம்னு நெனைச்சு வந்தேன்."

"பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு. எடுத்துட்டாங்க."

உள்ளே வந்தான். உட்காரவில்லை. அறையின் நடுவே நின்று சுற்றிலும் பார்த்தான். சுவரில் அவன் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள் அப்படியே இருந்தன, அக்கா அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடிக்க விடவில்லை. கடைசிக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டீ போடலாமா என்று கேட்க வாய் வரவில்லை. 

"பெட்டி எங்க இருக்கு?"

"கட்டிலுக்கு அடியில."

குனிந்து இழுத்தான். பெட்டி பத்தொன்பது வருஷம் அசையாமல் கிடந்தது, லேசில் வருமா? பலம் கொண்ட மட்டும் இழுத்தான். வந்தது, கூடவே டர்ரென்று ஒரு சத்தமும் வந்தது. துருப்பிடித்த தகரமூலை அவன் சட்டையின் வலது முழங்கையில் மாட்டிக் கிழித்துவிட்டது.

"கண்ணு பிடரியிலயாடா இருக்கு?"

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது. தம்பி குனிந்தபடியே நின்றான். முதுகு குலுங்கியது. அழுகிறானோ என்று பதறிப்போனாள். அவன் நிமிர்ந்தபோது பார்த்தால் சிரிக்கிறான். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"பத்தொம்பது வருஷத்துல யாரும் என்னை இப்படித் திட்டலை" என்றான். "அங்க திட்டுவாங்க. ஆனா இப்படி இல்லை."

பெட்டியை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். இவள் தரையில் உட்கார்ந்தாள், அவன் காலடியில். நடுவே பெட்டி.

"டீ போட மாட்டியா, அக்கா?"

அவ்வளவுதான். காலையிலிருந்து கட்டி வைத்த கண்டிஷன் எல்லாம் காற்றில் போயிற்று. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நான்தான்டா, என் வாயாலதான்" என்றாள். 

"அழாதே. நான் சொல்றதைக் கேளு" என்றான் தம்பி. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "கோபம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். உன் முகத்தைப் பாத்தா அந்த டீ கிளாஸ்தான் ஞாபகம் வரும். மூணு வருஷம் அப்படி இருந்துது. அப்புறம் ஒரு நாள் கோபம் போயிடுச்சு. ஏன்னு தெரியலை. காலைல எழுந்து பாத்தேன், இல்லை."

"அப்போ ஏன்டா..."

"வெட்கம். மூணு வருஷம் ஒருத்தி வாசல்ல வந்து நின்னுட்டுப் போறா, நான் முகத்தைக் காட்டலை. இனிமே என்னன்னு சொல்லிக் கூப்பிடறது? அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு நெனைப்பேன். அடுத்த மாசம் வெட்கம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். அப்படியே எட்டு வருஷம் ஓடிப்போச்சு. நீ வர்ற நாள்ல காவலர் வந்து உன் பேரைச் சொல்லுவார். சரி, வந்திருக்கா, உசுரோட இருக்கான்னு நெனைச்சுக்குவேன். அதுக்காகவே காத்துக்கிட்டு இருப்பேன். ஆனா எழுந்து வர மாட்டேன்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு சொன்ன பிறகு தானும் ஒளிக்கக் கூடாது என்று தோன்றியது.

"நானும் ஒண்ணு சொல்லணும். அந்தத் துண்டைப் பத்தி வக்கீல் பொண்ணுகிட்ட உடனே சொல்லலை. அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஒருவேளை..." நிறுத்தினாள். "ஒருவேளை அது உன் ரத்தமா இருந்துட்டா என்ன பண்றதுன்னு. அஞ்சே நிமிஷம்தான். ஆனா நெனைச்சேன்."

தம்பி அவளையே பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"அஞ்சு நிமிஷம்தானா?" என்றான். "நானே ரெண்டு தடவை என்னைச் சந்தேகப்பட்டிருக்கேன். எல்லாரும் சொல்றாங்களே, ஒருவேளை செஞ்சிருப்பேனோன்னு. ஒரு தடவை ஒரு வாரம் முழுக்க."

யார் முதலில் சிரித்தது என்று சொல்ல முடியாது. கீழ்வீட்டுக்காரர்கள் தலையை நிமிர்த்திப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

அக்கா டீ போட்டாள். இரண்டு கிளாஸ். தம்பி பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். அந்த வயதுச் சட்டை ஒன்றை மார்பில் வைத்துப் பார்த்தான், பாதி உடம்புக்குத்தான் வந்தது. அடியில் ஒரு பழைய கைக்குட்டை கிடந்தது, ஒரு முனையில் சாவி முடிந்த தடம் இன்னும் சுருங்கியே இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு டீயைக் குடித்தான்.

"பாய்லர் அண்ணன் பாடறாரா?"

"அன்னிக்கு நிறுத்தினவர்தான்."

"மிச்சப் பாதிப் பாட்டு என்னன்னு அவரைக் கேக்கணும்னு இருந்தேன்."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கிழிந்த சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"தைச்சுக் குடு."

அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நான் இப்பல்லாம் தைக்கறதில்லைடா. கீழ கடையில குடுத்தா அஞ்சு நிமிஷத்துல..."

"கடைக்காரன் வலது பக்கம் தைப்பான்."

பனியனோடு உட்கார்ந்திருந்தான். வலது கையில் அந்தத் தழும்பு, கண்ணாடி கிழித்ததாகவும் இருக்கலாம் என்று டாக்டர் எழுதிய தழும்பு, உருளை சுட்ட நேர்க்கோடாகப் பளிச்சென்று தெரிந்தது. அக்கா எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஊசி டப்பாவை எடுத்தாள். மூடி இறுகியிருந்தது, தம்பி திறந்து கொடுத்தான். ஊசிகளில் பாதி துரு. நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து நூல் கோக்கப் பார்த்தாள். கண்ணும் சரியில்லை, பழக்கமும் விட்டுப்போயிருந்தது. மூன்றாவது தடவையும் கோக்க முடியாமல் போனதும் தம்பி ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தான்.

"ஜெயில்ல தையல் பிரிவுல ஏழு வருஷம் இருந்தேன்" என்றான். "நல்லாத் தைப்பேன். ஆனா எனக்கு வலது பக்கம்தான் வருது."

"அப்போ நீயே தைச்சுக்க வேண்டியதுதானே?"

"மாட்டேன். நீ தை."

தைத்தாள். முதல் நாலு தையல் கோணல்மாணலாக விழுந்தது. ஐந்தாவதிலிருந்து கை தானாகப் போயிற்று. பாதி தைத்துக்கொண்டிருக்கும்போது தம்பி அவள் போனை எடுத்து வக்கீல் பொண்ணைக் கூப்பிட்டு, அந்த ஹாஸ்டல் ரூம் வேண்டாம் என்று சொன்னான். அக்கா தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் ஊசி கையில் குத்திவிடும். நூலை முடிந்து, பல்லால் கடித்து அறுத்து, சட்டையை நீட்டினாள்.

தம்பி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அன்றைக்கு அந்தப் போலீஸ்காரர் பார்த்த மாதிரியே, முழங்கையை விரித்துப் பிடித்து, நிதானமாகப் பார்த்தான்.

"எங்க அக்கா தையல்தான்" என்றான். "யார் வந்து கேட்டாலும் சொல்லுவேன்."

சட்டையைப் போட்டுக்கொண்டான். பிறகு பெட்டியைக் காலால் தள்ளித் திரும்பவும் கட்டிலுக்கு அடியில் விட்டான்.